சாவி கொடுத்தவர் பெயர்

நவம்பர் 21, திங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று கீழே இறங்குகிறது. மலையேறும் காட் ரோடு மாதிரி வளைகிறது. கோட்டின் மேல் நிற்கச் சொன்னால் நிற்பதில்லை. ஐம்பது வருடம் மண்வெட்டி பிடித்த கை இது. அழுத்திப் பிடித்ததில் இன்று இரண்டு முறை பென்சில் முனை ஒடிந்தது. இவ்வளவு எழுத முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் எழுதிவிட்டேன்!

என் பெயர் வியாகுலம். வயது எழுபத்து நாலு. கொடைக்கானலில் தோட்டக்காரனாக இருந்தவன். ஜூன் மாதத்திலிருந்து மாதா கோயில் கூடத்தில் நடக்கும் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். பவுலின் டீச்சர் ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார். "தெனமும் எழுதுங்க. ஒரு வரின்னாலும் சரி. நான் படிக்க மாட்டேன். பக்கம் நெறைஞ்சிருக்கான்னு மட்டும்தான் பாப்பேன்" என்றார்.

நவம்பர் 22, செவ்வாய்

இன்று நானாகப் படித்தவை: வத்தலக்குண்டு (பஸ்ஸில்). மிளகுத்தூள் (பொட்டலத்தில்). அபாயம் (கரண்டுக் கம்பத்தில்). கம்பத்தின் கிட்டே போய்ப் படித்தேன். என் மனைவி செபமாலை கையைப் பிடித்து இழுத்தாள். "அபாயம்னு போட்டிருக்கிறதைப் போய்க் கட்டிப்பிடிச்சுப் படிக்கிற மனுசன் ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

நவம்பர் 24, வியாழன்

மழை. பீன்ஸ் வாங்கினேன். முற்றல்.

நவம்பர் 27, ஞாயிறு

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு வாரம். பூசை முடிந்ததும் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் இசைத்தட்டு உறைக்கு முன்னால் போய் நின்றேன். ஐம்பது வருடமாக அதைத் தாண்டித்தான் போகிறேன். நின்றது இல்லை.

அது என்ன என்று எழுத வேண்டும். ஊருக்குத் தெரியும், நோட்டுக்குத் தெரியாதே. 1968 டிசம்பரில் பேரிக்காய் பங்களா துரைசானியின் தங்கை மகன் சீமையிலிருந்து வந்தார். துரைசானியிடம் நூறு வருடத்துக்கு முந்திய இசைப்பெட்டி ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே பித்தளை உருளை. உருளை முழுக்கப் பொடிப்பொடி முட்கள். பக்கத்தில் இரும்புச் சீப்பு. சாவி கொடுத்தால் உருளை சுற்றும். முட்கள் சீப்பின் பற்களை மீட்டும். கிறிஸ்துமஸ் பாட்டு வரும். மொத்தம் நாலு பாட்டு. சீமைத் தம்பி அதை நாடாவில் பதிவு செய்து கொண்டுபோய் அங்கே இசைத்தட்டாகப் போட்டார். துரைசானி ஒரு தட்டைக் கோயிலுக்குக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வருடா வருடம் திருவருகை மூன்றாம் ஞாயிறு மாலையில் கூடத்தில் அந்தத் தட்டைப் போடுவார்கள். மூன்றாவது பாட்டு பாலன் இயேசுவைத் தூங்கவைக்கும் பாட்டு. தட்டில் அது மெதுவாகப் போகும். நாங்களும் அப்படியே மெதுவாகத்தான் பாடுவோம். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வரும் பெண்கள் முதல் வருடம் முந்திப் பாடிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

உறையில் இருப்பது இங்கிலீஷ். எனக்கு வராது. ஆனால் அடியில், பழைய பங்குச் சாமி ஒருவர் அதையே தமிழில் எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

இசைப்பெட்டிக்குச் சாவி கொடுத்தவர்: திரு. அடைக்கலம்.

கோயிலில் நானாகப் படித்த முதல் வரி இது. எனக்கு வேறு வரி கிடைக்கவில்லை.

பின்னால் செருமல் கேட்டது. அவனேதான். எழுபத்தெட்டு வயதில் மீசைக்கு மை. பேரிக்காய் பங்களாவில் நான் தோட்டக்காரன், அவன் பட்லர். அந்த வெள்ளைக் கோட்டு போய் ஐம்பது வருடம் ஆகியும் நடை மட்டும் போகவில்லை.

"என்னய்யா வியாகுலம், படிச்சிட்டியா? 'திரு'ன்னு போட்டிருக்கான், பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"நல்லாப் பாரு. கண்ணாடி வேணும்னா தரேன்."

மூன்றாம் ஞாயிறு அன்று தட்டின் மேல் முள்ளை எடுத்து வைப்பது அவன்தான். கேக்கில் முதல் துண்டும் அவனுக்குத்தான். எனக்குப் பொறாமை கிடையாது. எழுதி வைக்கிறேன்: எனக்குப் பொறாமை கிடையாது.

நவம்பர் 28, திங்கள்

இன்று எதையும் படிக்கப் பிடிக்கவில்லை. மாத்திரை அட்டை மட்டும்.

நவம்பர் 30, புதன்

குளிர் தொடங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது, புட்டியை வெயிலில் வைக்கச் சொன்னாள் செபமாலை. காது கேட்காதது போல இருந்தேன். "எண்ணெப் புட்டியைக் கண்டா ஏன்தான் இப்படிப் பேயைக் கண்ட மாதிரி ஓடுறீங்களோ. தலையைப் பாருங்க, தொடப்பம் மாதிரி" என்றாள். சீப்பு எடுத்துச் சீவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

டிசம்பர் 1, வியாழன்

சாமி கூப்பிட்டு அனுப்பினார். சந்தோஷமான செய்தி என்றார். இந்த வருடம் இசைத்தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வீட்டுக்கு வீடு கொடுக்கப் போகிறார்களாம். மூன்றாம் ஞாயிறு அன்று விழா. "மேடையில நீங்க வாசிக்கணும், வியாகுலம். ஆறு மாசத்துல எழுத்துக் கத்துக்கிட்டவர் மைக்குல வாசிச்சா, வகுப்புக்கு இன்னும் பத்துப் பேர் வருவாங்க."

எனக்கு அப்படியே தூக்கிப் போட்டது. மைக்! "என்ன சாமி வாசிக்கணும்?" என்று கேட்டேன்.

"வாழ்த்துமடல். அடைக்கலத்துக்குப் பொன்னாடை போத்தப் போறோம். நீங்களே சொந்தமா எழுதி வாசிச்சா இன்னும் நல்லது. ஒரே பங்களாவுல வேலை பாத்தவங்க இல்லையா."

சரி சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் ஒரு போர்டைக்கூடப் படிக்கவில்லை.

டிசம்பர் 2, வெள்ளி

அடைக்கலம் என்று எழுதிப் பழகினேன். ஒரு பக்கம் முழுக்க. 'டை' கோணிக்கொண்டு போகிறது. ஆளைப் போலவே.

டிசம்பர் 4, ஞாயிறு

பாடற்குழு ஒத்திகை. நானும் போயிருந்தேன். பாடற்குழுவை நடத்தும் ஜெசிந்தா போன வருடம் திண்டுக்கல்லிலிருந்து வந்த பெண், பள்ளியில் பாட்டு டீச்சர். தட்டைப் போட்டு மூன்றாவது பாட்டைக் கேட்டாள். மறுபடி கேட்டாள்.

"இது இவ்வளவு மெதுவா இருக்கக் கூடாதே."

"பிளேயர் பழசும்மா. பெல்ட் தொளதொளன்னு இருக்கும்" என்றார் சாமி.

"இல்ல ஃபாதர். பிளேயர் மெதுவா ஓடினா சுருதியும் எறங்கும். சுருதி சரியா இருக்கு, வேகம்தான் இல்ல. அப்ப அன்னைக்குப் பெட்டியே மெதுவா ஓடியிருக்கு. ஏன்?"

எனக்குக் காது சூடானது. அதற்குள் அடைக்கலம் எழுந்து நின்றான். மீசையைத் தடவினான்.

"நான் சொல்றேம்மா. பாலன் தூங்குற பாட்டு இல்லையா. வெரசா ஓடினா பிள்ளை முழிச்சிரும். அதான் சாவியை மெல்ல, அன்பாக் குடுத்தேன். எல்லாம் இந்தக் கைப்பக்குவம்."

கூடமே கைதட்டியது. செபமாலையும் தட்டினாள்! "எவ்வளவு அழகாச் சொல்றாரு அடைக்கலம் அண்ணன்" என்றாள்.

சாவியை எப்படிக் கொடுத்தாலும் வேகம் மாறாது. பெட்டிக்குள் விசிறி போலச் சுண்டுவிரல் அளவுத் தகடு சுற்றும். வேகத்தைப் பிடித்து வைப்பது அதுதான். இதுகூடத் தெரியாதவனுக்குப் பொன்னாடை.

டிசம்பர் 5, திங்கள்

எழுதிவிடுகிறேன். டீச்சர்தான் படிக்க மாட்டாரே.

சாவி கொடுத்தது நான்.

எனக்கு அப்போது இருபது வயது. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரிலிருந்து மலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காலை ஆறு மணிக்குப் பதிவு. சத்தம் இருக்கக் கூடாது என்று ஜன்னலுக்குக் கம்பளி கட்டினோம். கோழிகளை அடுத்த பங்களாவுக்கு அனுப்பினோம். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினோம். பெட்டியைத் தூக்கி வந்து வைத்தது நான் என்பதால், துரைசானி என்னையே சாவி கொடுக்கச் சொன்னார். அடைக்கலம் அப்போது காபித் தட்டோடு வாசல் ஓரம் நின்றான்.

சாட்சி தட்டிலேயே இருக்கிறது. முதல் பாட்டுக்கு முன் சாவி கொடுக்கும் சத்தம் கேட்கும். கிர் கிர் கிர். நிற்கும். கிர் கிர் கிர். நிற்கும். முந்தின நாள் தோட்டக் கத்தரி வெட்டி என் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. மூன்று சுற்றுக்கு ஒரு தரம் வலித்தது, நிறுத்தினேன். ஐம்பத்து நாலு வருடமாக ஊர் எழுந்து நின்று கேட்பது என் பெருவிரலைத்தான்.

பாட்டு முடிந்ததும் சாவி கொடுத்தது யார், பெயர் எழுத வேண்டும் என்று துரைசானி கேட்டாராம். நான் அங்கே இல்லை. நான்தான் என்று அடைக்கலம் சொல்லிவிட்டான்.

நான் ஏன் அங்கே இல்லை என்றால், வெளியே வேலை இருந்தது.

டிசம்பர் 6, செவ்வாய்

வாழ்த்துமடலில் 'மதிப்புக்குரிய' வரை எழுதினேன். பென்சில் ஒடிந்தது. இந்த முறை நானே ஒடித்தேன்.

டிசம்பர் 7, புதன்

மத்தியானம் அடைக்கலம் வீட்டுக்குப் போனேன். நேராகக் கேட்டுவிடுவது என்று. அவன் மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒற்றை அறை. தானே கேரட் நறுக்கிக்கொண்டிருந்தான். எல்லாத் துண்டும் ஒரே அளவு. பட்லர் கை.

"வாய்யா கவிஞரே. மடல் எழுதியாச்சா? எழுதும்போது மீசையைப் பத்தி ஒரு வரி போடு."

"அண்ணே, சாவி குடுத்தது நான்தானே?"

கத்தி நிற்கவில்லை. "ஆமா. நீதான் குடுத்த."

இப்படிச் சட்டென்று ஒத்துக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை. சண்டைக்கு எடுத்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாகப் போனது.

"அப்பறம் எப்படிண்ணே ஒங்க பேரைச் சொன்னீங்க?"

"தொரைசானி கேட்டப்ப நீ எங்க இருந்த?"

கீழே விழுந்த கேரட் துண்டைப் பொறுக்கினேன்.

"வெறகுக் கொட்டாய்க்குப் பின்னாடி இருந்த. பாட்டு இழுக்க ஆரம்பிச்சதும் ஒம்மூஞ்சி வெளுத்ததை நான் பாத்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஒங்க அம்மா குடுத்துவிட்ட புட்டியோட பெட்டிகிட்ட ஒக்காந்திருந்ததையும் பாத்தேன். மலையில, டிசம்பர் மாசத்துல, தேங்கா எண்ணெ! அடுப்பைத் தவிர எங்கயாவது அது தண்ணியா நிக்குமாடா?"

"எங்க ஊர்ல தையல் மிசினுக்கு அதைத்தாண்ணே விடுவோம்."

"ஒங்க ஊர்ல கடல் இருக்கு. இங்க இருக்கா?"

கேரட்டைச் சட்டியில் தள்ளினான். பிறகு சொன்னான். எண்ணெய் உள்ளேயே இறுகிப் பிசின் ஆகி, ஈஸ்டர் அன்று பெட்டி நின்றுபோனது. துரைசானி சாவியை முறுக்க, உருளை ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு சுற்றி, சீப்பில் பதினெட்டுப் பல் உடைந்தது. எண்ணெய் விட்டது யார் என்று கேட்டார். சாவி கொடுத்தவன் அடைக்கலம் என்று சீமைக்கு எழுதி அனுப்பியிருந்தார் அல்லவா. பெட்டியைத் தொட்டவன் அவன்தான் என்று அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் அவன் எனக்குச் சொல்ல வேண்டியது இல்லை. அவன் தகரப் பெட்டியை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது நான்தான்.

"நான் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"எப்படிச் சொல்லுவேன்? எண்ணெ விட்டது நான் இல்லேன்னா, சாவி குடுத்ததும் நான் இல்லேன்னு ஆயிருமே. அப்பறம் தட்டுல எம்பேரு வருமா? சீமையில அச்சடிக்கிற பேருடா." சிரித்தான். பல்செட்டு கொஞ்சம் நழுவியது, தள்ளி வைத்துக்கொண்டான். "அப்பறம் மார்க்கெட்டுல முப்பது வருசம் கேரட்டு மூட்டை தூக்கினேன். நீ பங்களாவுல பதினாறு வருசம் ரோஜாவுக்குத் தண்ணி ஊத்தின. வேலையை நீ எடுத்துக்கிட்ட, பேரை நான் எடுத்துக்கிட்டேன். பங்கு சரியாப்போச்சு. இப்ப நாலு எழுத்து படிச்சதும் பேரும் வேணுமாக்கும் ஒனக்கு?"

காபி கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 8, வியாழன்

மாதா திருநாள். பாவசங்கீர்த்தன வரிசையில், சாமியிடம் பாவத்தைச் சொல்ல நின்றேன். என் முறை வருவதற்குள், அடுப்பில் பால் வைத்திருப்பது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்தேன். பால் வைத்திருக்கவில்லை.

டிசம்பர் 9, வெள்ளி

உடைந்த பெட்டியைத் துரைசானி தூக்கிப் போடவில்லை. மூடி, மேலே பூச்சாடி வைத்தார். அந்தச் சாடிக்குப் பதினாறு வருடம் தினமும் பூ வைத்தது நான். ஒரு நாளும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

டிசம்பர் 10, சனி

மடலை எழுதி முடித்தேன். மூன்று தாள் கிழித்து நாலாவது. செபமாலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். சக்கையைப் பிழிந்து போட்டாள்.

"நாப்பத்தஞ்சு வருசமா தலைக்கு எண்ணெ வைக்க மாட்டேன்னு அடம் பிடிச்சது இதுக்குத்தானா?"

"ஆமா."

"ஒடம்புக்குக் குளிர்ச்சி ஒத்துக்காதுன்னு சொன்னீங்களே."

"அதுவும்தான்."

"நாளைக்கு மைக்குல என்ன வாசிக்கப் போறீங்க? சாவி நான் குடுத்தேன்னா?"

தாளைக் காட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். புளிக் கையால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

டிசம்பர் 11, ஞாயிறு

கூடம் நிறைந்துவிட்டது. மைக் என் மூச்சைக்கூட வாசித்தது. எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். வாசித்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"மதிப்புக்குரிய திரு. அடைக்கலம் அவர்களுக்கு. சாவி கொடுத்தவர் என்று உங்கள் பெயர் இந்தச் சுவரில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். அந்தப் பெயருக்காக நீங்கள் உங்கள் வேலையைக் கொடுத்தீர்கள். இசைப்பெட்டிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டவன் தோட்டக்காரன் வியாகுலம். பாட்டு மெதுவாக ஓடியது எண்ணெய் உறைந்ததால். பெட்டி உடைந்ததும் அதனால். வேலை போக வேண்டியது வியாகுலத்துக்கு. அவன் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தான். மீசை நன்றாக இருக்கிறது. இப்படிக்கு, வியாகுலம்."

சாமி பொன்னாடையை விரித்தபடியே நின்றார். பிறகு பின் பெஞ்சில் மிக்கேலம்மா என்ற கிழவி உரக்கச் சொன்னாள். "மலையேறி வந்து மார்கழி மாசத்துல தேங்கா எண்ணெயா! அடப் பாவி மனுசா!" கூடமே சிரித்தது. ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப நாம அம்பது வருசமா எண்ணெய்க்கா பாடுறோம்?"

அடைக்கலம் சிரிக்கவில்லை. பொன்னாடையோடு வந்து தட்டின் மேல் முள்ளை வைத்தான். கிர் கிர் கிர். நின்றது. கிர் கிர் கிர். நின்றது. அவன் என் பெருவிரலைப் பார்த்தான். நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மூன்றாவது பாட்டை இந்த வருடம் சரியான வேகத்தில் பாடுவது என்று ஜெசிந்தா பழக்கியிருந்தாள். முதல் அடியை அப்படித்தான் தொடங்கினாள். கூட்டம் அவளோடு போகவில்லை. பிள்ளை விழித்துவிடும் என்பது போல மெதுவாகவே இழுத்தது. இரண்டாவது அடியில் அவளும் வந்து சேர்ந்துகொண்டாள்.

கேக் வெட்டியதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு எண்ணெய் விட்டீர்கள், எந்த ஓட்டையில் விட்டீர்கள், துரைசானிக்குத் தெரியவே தெரியாதா. பவுலின் டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். சாவியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடைக்கலம் ஒரு ஓரத்தில், பொன்னாடையோடு, முதல் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது வருடம் நான் வைத்திருந்த முகம். அதை அவனிடம் பார்க்க எவ்வளவு இனித்தது என்று எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

பிறகு இனிக்கவில்லை. என் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பெரிய ஆளு ஆயிட்டய்யா" என்றான். முகத்தைத் திருப்பவில்லை. "ஒரே நாள்ல."

"ஒங்க பேரை நான் தொடலியேண்ணே. சுவத்துல அப்படியேதானே இருக்கு."

"இருந்து? பேரு என்கிட்ட இருக்கு, கூட்டம் ஒன்கிட்ட இருக்கு." கேக்கைப் பிட்டு வாயில் போட்டான். கொஞ்ச நேரம் மென்றான். "அடுத்த வருசம் பாரு. எண்ணெ விட்டதும் நான்தான்னு சொல்லிருவேன்."

"சொல்லுங்கண்ணே. மைக்குல நானே வாசிக்கிறேன்."

அப்போதுதான் சிரித்தான். பல்செட்டு நழுவியது.

டிசம்பர் 12, திங்கள்

செபமாலை உறைந்த எண்ணெய்ப் புட்டியை நீட்டினாள். வாங்கி வெயிலில் வைத்தேன். உருகியதும் தலையில் தேய்த்துவிட்டாள். குளிர்ந்தது.

டீச்சர் பக்கம் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார். நிறைந்துவிட்டது என்றார். பிறகு நானும் நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் இன்னும் மலைப்பாதை மாதிரிதான் ஏறி இறங்குகிறது. ஒரே ஒரு சொல் மட்டும் கோட்டின் மேல் நேராக, அச்சடித்தது போல நிற்கிறது. அடைக்கலம். அவ்வளவு தடவை எழுதியிருக்கிறேன். என் பெயரைத் தேடினேன். எழுதிய இடத்தில் எல்லாம் கோணல்தான்.

இந்த வாரம் அதைப் பழக வேண்டும். புதுப் பென்சிலும் சீவி வைத்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்து, முதல் வரியாக அதைத்தான் எழுதுவேன்.